உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா?

கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். முதல் இரண்டையும் அந்த அம்மா இரண்டு நிமிஷத்தில் டைப் செய்துவிட்டார். 'பாப்பாவுக்கு முந்திரி ஒத்துக்காது. கேக்கில் நட்ஸ் இருக்குமா?' 'நாயை ராத்திரி எங்கே விடுவீர்கள்? அவளுக்குக் கொஞ்சம் பயம்.' மூன்றாவது கேள்விக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. எழுதுவதும் அழிப்பதுமாக ஒரு டம்ளர் காபி ஆறிப்போனது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நோவை. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் 'நோவி' என்பார்கள். 'நோவைங்க, நம்ம கோவை மாதிரி' என்று திருத்துவதில் கோயம்புத்தூர்க்காரரான இவருக்குத் தனி சந்தோஷம். கணவருக்கு கார் கம்பெனியில் வேலை. ஒரே மகள், நான்காம் வகுப்பு. ஜூன் மாதம் ஊரிலிருந்து வந்த அப்பா, டிசம்பரில் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டு குளிருக்கு மங்கி குல்லாவோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

அது 2024 நவம்பர். மகளின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். சனிக்கிழமை ராத்திரி நாலைந்து பெண் குழந்தைகள் அவள் வீட்டிலேயே தங்கி, ஞாயிறு மதியம் திரும்புவதாக ஏற்பாடு. 'ஸ்லீப் ஓவர்' என்கிறார்கள். மகளுக்கு இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமையே பையை எடுத்து வைத்துவிட்டாள்.

தோழியின் அப்பா வேட்டைக்குப் போகிறவர். மிச்சிகனில் இது அதிசயம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 15 அன்று துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் தொடங்குகிறது. வடக்குப் பக்கத்தில் பல ஊர்களில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே லீவு. நமக்கு ஆடிப்பெருக்கு மாதிரி, அவர்களுக்கு அது ஒரு நாள். அந்த வீட்டு கராஜில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் தொங்குவதை இந்த அம்மாவே பார்த்திருக்கிறார். ஜாக்கெட் இருந்தால் துப்பாக்கியும் இருக்கும்.

"என்ன கண்ணு, அரை மணி நேரமா போனையே பாத்துட்டு உக்காந்திருக்கற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்ப்பா. பாப்பா தங்கப்போற வீட்டுல துப்பாக்கி இருக்குதான்னு கேக்கோணும். எப்புடிக் கேக்கறதுன்னு தெரியலை."

"அதை எப்புடி கண்ணு கேப்ப? உங்க வீட்டுல திருட்டு நகை இருக்குதான்னு கேக்கற மாதிரி இருக்காதா?"

அப்பாவுக்குத் தெரிந்து அவர் ஊரில் ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. மலையடிவாரத்துத் தோட்டக்காரர் ஒருவர் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சாக்கில் சுற்றி, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்ப வரும். துப்பாக்கி இப்போது வீட்டில் இருக்கிறதா, ஸ்டேஷனில் இருக்கிறதா என்பது டீக்கடை வரை தெரிந்த விஷயம். அமெரிக்காவிலோ பெரியவர்களில் பத்துக்கு நாலு பேர் துப்பாக்கி இருக்கிற வீட்டில் வசிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. எந்த வீடு என்பதுதான் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அந்த நாட்டுக் குழந்தைகள் நல மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கூச்சமே இல்லாமல் கேட்கிறார்கள். தடுப்பூசிக்குப் போன இடத்தில், 'காரில் குழந்தை சீட் இருக்கிறதா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா' என்று ஒரே மூச்சில் கேட்டபோது இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுக்குள் இறப்பவர்களின் முதல் காரணம் துப்பாக்கி என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். கார் விபத்துகூட அதற்கு அடுத்த இடம்தான்.

இரவு கணவர் வந்ததும் அவரிடமும் பேச்சு போனது. "இதுக்குத்தான் சட்டமே வந்துடுச்சே. புள்ளைங்க இருக்கற வீட்டுல பூட்டித்தான வெச்சிருப்பாங்க" என்றார் அவர்.

"எழுபதுல போகச் சொல்லி போர்டும்தான் வெச்சிருக்காங்க. நீங்க எத்தனைல போறீங்க?"

கணவர் சொன்னதிலும் தப்பில்லை. சட்டம் வந்திருந்தது. அது வந்த கதை இவர்கள் வசிக்கும் ஓக்லண்ட் கவுண்டியிலேயே தொடங்குகிறது. 2021 நவம்பர் 30 அன்று, இதே கவுண்டியில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிறிய ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஏழு பேருக்குக் காயம். அந்தக் கைத்துப்பாக்கியை அவனுடைய அப்பா வாங்கி நான்கே நாள் ஆகியிருந்தது. அன்று காலையில்தான், அவன் ஒரு தாளில் வரைந்திருந்த துப்பாக்கிப் படத்தைப் பார்த்து ஆசிரியை பயந்து சொல்ல, பள்ளியில் பெற்றோரை வரவழைத்துப் பேசினார்கள். பெற்றோர் மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. அவன் பையை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை.

இவருடைய மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அன்று மதியம் செய்தி வந்ததும் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். இது வேறு ஊர், வேறு பள்ளி என்று தெரிந்தும் போனார். அங்கே ஏற்கெனவே பதினைந்து இருபது கார்கள் நின்றன. யாரும் யாரிடமும் பேசவில்லையாம். மிச்சிகன் பள்ளிகளில் வருஷத்துக்கு மூன்று தடவை 'லாக்டவுன்' பயிற்சி கட்டாயம். விளக்கை அணைத்து, மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். "நான் இருமல் வந்தும் இருமவே இல்லம்மா" என்று ஒருநாள் மகள் பெருமையாகச் சொன்னாள்.

ஆக்ஸ்ஃபோர்டு பெற்றோர் இருவர் மீதும் வழக்குப் போட்டபோது, துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் மிச்சிகனில் இல்லவே இல்லை. அதனால் அரசு வழக்கறிஞர்கள் கொலை நோக்கமில்லாத மரணம் விளைவித்தல் என்ற பெரிய குற்றச்சாட்டைக் கையில் எடுத்தார்கள். 2024-ல் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுகள் சிறை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் சுட்டதற்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவிலேயே முதல் முறை.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பிறகும் சட்டம் உடனே வந்துவிடவில்லை. மசோதாக்கள் தூங்கின. 2022 நவம்பர் தேர்தலில், சுமார் நாற்பது வருஷத்துக்குப் பிறகு, மாகாண சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் சேர்ந்தாற்போல ஜனநாயகக் கட்சியிடம் வந்தன. 2023 பிப்ரவரி 13-ம் தேதி மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு அப்புறம்தான் வேகம் பிடித்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் நவம்பரிலும் ஆளுநர் கிரெட்சன் விட்மர் கையெழுத்துப் போட, எல்லாம் 2024 பிப்ரவரி 13-ல் அமலுக்கு வந்தன. பல்கலைக்கழகத் துயரத்துக்குச் சரியாக ஒரு வருஷம்.

புதிய சட்டங்களில் நல்லது நிறையவே உண்டு. முன்பெல்லாம் தனியாளிடம் கைத்துப்பாக்கி வாங்கத்தான் போலீஸ் அனுமதி வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் தெரிந்தவரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கி காரில் போட்டுக்கொண்டு போகலாம். இப்போது எதுவானாலும் பின்னணி பார்த்த பிறகே அனுமதி. குடும்ப வன்முறையில் சிறு குற்றம் என்று தண்டனை பெற்றவர்கூட, தண்டனை முடிந்து எட்டு வருஷத்துக்குத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்று தெரிகிற ஒருவரிடமிருந்து துப்பாக்கியை ஒரு வருஷம் வரை எடுத்து வைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். 'ரெட் ஃப்ளாக்' சட்டம் என்று அதற்குப் பெயர்.

இந்த அம்மா பல தடவை படித்தது பூட்டுச் சட்டத்தைத்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருக்கிற, அல்லது வரக்கூடிய இடத்தில் துப்பாக்கியைக் கேட்பாரற்று வைக்கக் கூடாது. பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் தோட்டாவை எடுத்துவிட்டு துப்பாக்கிக்கே பூட்டுப் போட வேண்டும். பூட்டாமல் விட்டு, குழந்தை அதை எடுத்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் ஐந்து வருஷம் வரை சிறை. உயிர் போனால் பதினைந்து வருஷம் வரை.

ஆனால் போனால், ஏற்பட்டால் என்றுதான் எல்லாமே இருக்கிறது. பூட்டியிருக்கிறதா என்று முன்கூட்டி வந்து பார்க்க யாரும் இல்லை. பார்க்கவும் முடியாது, அது இன்னொருவர் படுக்கையறை. சட்டம் அமலுக்கு வந்த மறுநாளே, பிப்ரவரி 14 அன்று, ஃபிளின்ட் நகரத்தில் இரண்டு வயதுக் குழந்தை பூட்டாத ரிவால்வரை எடுத்துத் தன் தலையிலேயே சுட்டுக்கொண்டது. இந்தச் சட்டத்தின்கீழ் முதல் வழக்கு அந்தக் குழந்தையின் அப்பா மேல்தான் பதிவானது. ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்பதால் அவர் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாதவர். இரண்டு சட்டங்கள் தடுத்தும் ரிவால்வர் குழந்தையின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

மற்ற ஓட்டைகள் ஊரறிந்தவை. பணம் கட்டிய துப்பாக்கியைக் கையில் வாங்கச் சில நாள் பொறுத்திரு என்று சொல்லும் விதி இந்தச் சட்டங்களில் இல்லை. ஒரே மூச்சில் முப்பது குண்டு சுடக்கூடிய ரகங்களுக்குத் தடை இல்லை. ரெட் ஃப்ளாக் மனுவைக் குடும்பத்தார், உடன் வசித்தவர், போலீஸ், மருத்துவப் பணியாளர் போடலாம். ஆசிரியர் போட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் படத்தைப் பார்த்துப் பதறியவர் ஒரு ஆசிரியை என்பதை நினைத்தால் இது வேடிக்கையாக இல்லை. பாதிக்கும் மேற்பட்ட கவுண்டிகள் துப்பாக்கி உரிமைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டு வைத்திருக்கின்றன. சில ஷெரிஃப்கள் ரெட் ஃப்ளாக்கை அமல்படுத்த மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நகராட்சிகளும் தனியாக விதி போட்டுக்கொள்ள மாகாணச் சட்டம் விடுவதில்லை.

புதன்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒருவழியாக அந்த மெசேஜ் போனது. 'தவறாக நினைக்க வேண்டாம், எல்லா வீட்டிலும் கேட்பதுதான்' என்று ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்பினார். எந்த வீட்டிலும் அதுவரை கேட்டதில்லை.

காலையில் பதில் வந்திருந்தது. 'கேட்டதற்கு நன்றி. நான்கு இருக்கின்றன. பேஸ்மென்டில் சேஃபுக்குள் இருக்கின்றன. எண் எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். தோட்டா வேறு இடத்தில். கேக்கில் நட்ஸ் கிடையாது. நாய் எங்கள் அறையில் தூங்கும்.'

அவ்வளவுதானா, இதற்கா இரண்டு நாள் தூக்கம் போனது என்று அவர் சிரித்துக்கொண்டே இட்லித் தட்டை எடுக்கும்போது இரண்டாவது மெசேஜ் வந்தது.

'ஞாயிறு காலை குழந்தைகளை என் அப்பா வீட்டுக்கு பான்கேக் சாப்பிட அழைத்துப் போவதாக இருந்தோம். அவரிடம் ஒன்று இருக்கிறது. கட்டில் பக்கத்து டிராயரில், தோட்டாவோடு. நீங்கள் கேட்கும் வரை எனக்கு இது தோன்றவே இல்லை.'

பிறகு இருவரும் போனிலேயே பேசினார்கள். அவளுடைய அப்பாவுக்கு 78 வயது. தனியாக இருக்கிறார். போன வருஷம் மனைவி போய்விட்டார். தனி ஆள் வசிக்கும் வீட்டில் டிராயரில் துப்பாக்கி கிடந்தால் பூட்டுச் சட்டத்துக்கு அதில் வேலை இல்லை. ஐந்து குழந்தைகள் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் சட்டம் அந்த டிராயருக்குள் எட்டிப் பார்க்கும். மத்தியானம் குழந்தைகள் கிளம்பியதும் அதுவும் கிளம்பிவிடும்.

"அம்மா போனதிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் குழந்தைகளைவிட அவரை நினைத்துத்தான் இப்போது பயமாக இருக்கிறது" என்றாள்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. செய்தியில் வருவது பள்ளிக்கூடமும் கடைவீதியும்தான். தனியறையில் போகிற உயிருக்குத் தலைப்புச் செய்தி கிடையாது. மகள் என்ற முறையில் அவள் நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பெற்ற அப்பா மேல் மனுப் போட எந்த மகளுக்குக் கை வரும்? டிராயரைப் பற்றிப் பேச்செடுத்ததற்கே அவர் கோபித்துக்கொண்டாராம். 'ஐம்பது வருஷமாக வைத்திருக்கிறேன், நீ வளர்ந்ததும் இந்த வீட்டில்தான்' என்றாராம்.

பான்கேக் இடம் மாறியது. ஞாயிறு காலை தாத்தா மகள் வீட்டுக்கு வந்து, தானே மாவு கலக்கி ஐந்து குழந்தைகளுக்கும் சுட்டுப் போட்டார். துப்பாக்கிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பல போலீஸ் ஸ்டேஷன்களில் இலவசமாகக் கொடுக்கும் கேபிள் பூட்டு ஒன்றை வாங்கி, அவர் கிளம்பும்போது கோட்டுப் பையில் மகள் போட்டு அனுப்பினாள். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போட்டாரா என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த மாதம் மாகாண சட்டமன்றத்தில், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் வரிசை எண் இல்லாத துப்பாக்கிகளுக்குக் கடிவாளம் போடும் மசோதா செனட்டைத் தாண்டியது. கீழவையில் கோரம் இல்லாமல் போய், அதோடு முடிந்தது. ஜனவரியில் கீழவை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. அதைப் பற்றிக் கணவர் டி.வி பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். பெட்டி கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணு, அந்த வெள்ளக்காரப் புள்ள வீட்டுல கேட்டயே, நம்மாளுங்க வீட்டுல கேட்டயா?"

"நம்மாளுங்க எங்கீங்ப்பா துப்பாக்கி வெச்சிருக்கப்போறாங்க?"

அப்பா பதில் சொல்லாமல் ஊறுகாய் பாட்டிலுக்கு இன்னொரு கவர் சுற்றினார். பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வாங்க பெரும்பாலும் அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. இவர்கள் பழகும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அது வந்து வருஷக்கணக்காகிறது. மாதம் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுகிறார்கள். பெரியவர்கள் கீழே பிரியாணிக்கும் அரசியலுக்கும் உட்கார்ந்துவிட்டால், குழந்தைகள் மாடியில் எந்த அறைக்குள் என்ன செய்கிறார்கள் என்று மூன்று மணி நேரத்துக்கு யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை கேன்டன் நகரத்தில் ஒரு தோழி வீட்டில் விருந்து. காலையில் போன் செய்து, தயிர் சாதம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் கேட்டார். அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.

"இருக்குங்க்கா. போன வருஷம் பக்கத்துத் தெருவுல திருட்டுப் போச்சில்ல, அப்ப இவரு வாங்குனாரு. கூடவே பூட்டும் கொடுத்தாங்க. அது பிரிக்காம அப்படியே டப்பாலதான் கெடக்குது. இருங்க்கா, இவரை எழுப்பறேன்."